ஒரே மாட்டுக்கு ஏழு பொட்டு

அரியலூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த நல்லதண்ணீர்க் குளத்தைத் தூர்த்து, மாட்டு வண்டிகள் நிற்க ஒரு பேட்டை ஆக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. நடக்கவிடாமல் செய்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கூச்சப்பட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தால் குளம் மண்மேடாகியிருக்கும். அன்றைக்கே படாத கூச்சத்தை இந்த வயதில் பட்டு என்ன ஆகப் போகிறது?

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவாகத்தான். காலையில் நாலு வரி, மத்தியானம் நாலு வரி என்று எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது குன்னத்துப் பக்கம். பருத்தியும் வெங்காயமும் வானமாகப் பார்த்துப் பெய்கிற மழையை நம்பி விளைகிற சீமை. கட்டிக் கொடுத்தது அரியலூரில். என் மாமனார் போன பிறகு மாமியாரும் என் வீட்டுக்காரரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார்கள். குளத்துக் கரைக்கு எதிரே ஓலைக் கொட்டகை, இரண்டு மண் அடுப்பு, நாலு பலகை. அவ்வளவுதான் கடை. சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். அரிசி லேசில் கிடைக்காது. நாங்கள் போட்டது சோளச் சோறும் கம்பங்கூழும்தான். ஆனால் எங்கள் கடைப் பருப்புக் குழம்புக்காகவே சந்தைக்கு வருகிற வண்டிக்காரர்கள் பசியைப் பொறுத்துக்கொண்டு வருவார்கள். வெந்த பருப்பு மத்தில் பட்டதும் வெண்ணெயாகக் கரைந்துவிடும். அதை வைத்தது நான்.

பருப்பு அப்படி வெந்ததற்குக் குளத்துத் தண்ணீர் காரணம். அரியலூர் மண்ணை எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பானைக்குள் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டு விறகு விறகாக எரித்தாலும் பருப்பு கல்லு கல்லாகவே கிடக்கும். மழைத் தண்ணீர் நிற்கிற குளம்தான் நல்ல தண்ணீர். எங்கள் பக்கத்துத் தெருக்கள் அத்தனைக்கும் அது ஒன்றுதான். குளத்துப் படியில் செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள். கால் கழுவ மாட்டார்கள். மாட்டை இறக்குவது என்ற பேச்சே கிடையாது.

ஒரு தை மாதம் பருப்பு வேகாமல் போனது.

முதல் நாள் விறகு ஈரம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பருப்பு பழசு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என் மாமியார் கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“ஏண்டி, இது என்ன பருப்பா, கூழாங்கல்லா? ஒங்க ஊர்ல இதைத்தான் மென்னு தின்னு வளந்தியா?”

“நான் என்ன அத்தை பண்ணட்டும்? காலையில இருந்து எரியுது.”

“எரியுது எரியுது. வண்டிக்காரனுக்குப் பல்லு போனா நீயா கட்டித் தருவே?”

பேச்சு எனக்கு உறைத்தது. குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். படியில் குனிந்து பார்த்தால், தண்ணீர் மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒன்று மிதந்தது. கையால் விலக்கினால் விரலில் மாவாக ஒட்டியது. கரையோரம் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. சாணி நாற்றம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கரையைச் சுற்றிப் போகிற பாதையில் வண்டி மேல் வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் பாதையில் கிடந்த சுண்ணாம்புக் கல்லை அரைத்துக்கொண்டே போயின. எழும்பிய தூசியைக் காற்று நேரே குளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. மாடுகள் போட்ட சாணியும் மூத்திரமும் கரைச் சரிவில் வழிந்து தண்ணீரில் இறங்கின. பருப்பு ஏன் வேகவில்லை என்று அப்போது தெரிந்தது.

முன்னே இத்தனை வண்டி அங்கே சுற்றியதில்லை. ஏன் சுற்றியது என்றால், அதற்கும் சண்டைதான் காரணம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஒரு பெரிய உருளை வைத்து, அதில் கரியைப் போட்டு மூட்டி, ஒரு ஆள் துருத்தியைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அந்தக் கரிக்காகப் பெரம்பலூர் ரோட்டோரம் வரிசையாக நின்ற புளிய மரங்களை வெட்டினார்கள். வெட்ட வெட்ட ரோடு மொட்டையானது. அந்த மரத்தடியில்தான் சந்தைக்கு வருகிற வண்டிகள் காலங்காலமாக அவிழ்த்து விட்டு நின்றன. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி மரம். குன்னத்து வண்டிகளுக்கு என்று நாலு மரம் இருந்தது. நாலும் பஸ்ஸுக்குள் போய்ப் புகையாகிவிட்டது. வெயிலில் மாட்டை நிறுத்த எந்த வண்டிக்காரனும் சம்மதிக்க மாட்டான். இராத்திரி முழுக்க இழுத்து வந்த மாடு அது. அதனால் எங்கேயாவது நிழலில் ஓர் இடம் காலியாகாதா என்று குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

இதற்குள் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு யோசனை சொன்னார். பெரிய மீசைக்காரர், குரலும் பெரிசு. எங்கள் கடைப் பலகையில் உட்கார்ந்து கூழைக் குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

“கொளம் எப்படியும் கெட்டுப் போச்சு. அதைத் தூத்துட்டா முன்னூறு வண்டி நிக்கலாம். பஞ்சாயத்து போர்டுல எழுதிக் குடுத்துட்டேன். ஆபீசரு அடுத்த மாசம் சந்தை நாள்ல நேர்ல வந்து பாக்கறாரு. ஒன் கடை வாசல்லயே பேட்டை. ஒனக்குத்தான் யோகம்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் நல்ல மனுஷர். எதிரே இருப்பவர் சிரித்தால் அவரும் சிரிப்பார். குத்தகைக்காரர் போன பிறகு நான் கேட்டேன்.

“ஏங்க, கொளத்தத் தூத்துட்டா எதுல பருப்பு வேக வைக்கறது?”

“மேற்கே ஏரியில இருந்து கொண்டாறலாம் புள்ள.”

“யாரு கொண்டாறது? நீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. ஏரி ஒன்றரை மைலுக்கு அப்பால். போக வர மூன்று மைல். எங்கள் தெருவில் நாற்பது வீடு. நாற்பது வீட்டுப் பெண்களும் இடுப்பில் குடத்தோடு அந்த மூன்று மைலை நாள்தோறும் நடப்பதை நான் மனசில் பார்த்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மூன்று பேர் அப்போது தெருவில் இருந்தார்கள். விட்டுவிடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். அதையும் எழுதத்தான் வேண்டும். தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கருவேல முள்ளை வெட்டி வந்து, சந்தைக்கு முதல் நாள் குளத்துப் பாதையின் இரண்டு வாயையும் அடைத்தோம். கை காலெல்லாம் கீறல். வண்டி வராது, தூசி வராது என்று பெருமையாக இருந்தது. மறுநாள் வண்டிகள் வந்தன. முள்ளைப் பார்த்தன. கரையை விட்டு இறங்கி, குளத்துக்கு மழைத் தண்ணீர் வருகிற பொட்டல் வழியாகச் சுற்றின. சாயங்காலம் போய்ப் பார்த்தால் குளத்துக்கு வருகிற வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை. சக்கரம் ஏறி ஏறி இரண்டு கரையும் நொறுங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. தூசி கெடுத்ததைவிட நான் கெடுத்தது அதிகம்.

“நல்லா அடைச்சே போ. கொளத்துக்குத் தண்ணி வர்ற வழியவே அடைச்சுட்டே” என்றார் என் மாமியார்.

முள்ளை எல்லாம் நானே எடுத்துப் போட்டேன். ஒரு வாரம் மண்வெட்டி எடுத்து வாய்க்காலைச் சரி பண்ணினோம். மாமியாரும் வந்து மண் அள்ளினார், திட்டிக்கொண்டேதான் அள்ளினார்.

அடுத்த சந்தை நாளில் அடுப்பை மாமியாரிடம் விட்டுவிட்டு, கொட்டகை வாசலில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன். தூசிக்குள் மாடு தெரியும், முண்டாசு தெரியும், முகம் தெரியாது. வண்டி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஒரு மாடு என் கண்ணில் பட்டது. வெள்ளை மாடு, இடது கொம்பு மட்டும் கீழே பார்த்து வளைந்து, கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். நாலு கூழ் ஊற்றுகிற நேரம் போயிருக்கும். மறுபடியும் ஒரு வளைந்த கொம்பு மாடு போனது. இதென்ன, இன்னொன்றா? மூன்றாம் தடவை வந்தபோது எழுந்து ஓடிப் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

முண்டாசுக்குள்ளிருந்து பார்த்தவர் என் பிறந்த ஊர்க்காரர். அண்ணன் முறை. எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு.

“தங்கச்சி! நீயா? நல்லாருக்கியா?”

“நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. நீங்க எத்தனாவது தடவையா இந்தக் கொளத்தச் சுத்துறீங்க? பிரதட்சணமா?”

“எடம் தேடறேன்த்தா. எங்க மரம்தான் போயிடுச்சே.”

கிழக்கே கையைக் காட்டினேன். சந்தைக்குக் கிழக்கே ஏழெட்டுப் புளிய மரம் அடர்ந்து நின்றது. அடியில் ஒரு வண்டிகூட இல்லை. “அங்க கெடக்கு பாருங்க நெழலு. அதுல போய் அவுத்து விடறதுக்கென்ன?”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அடுத்தவன் வீட்டுச் சமையலறைக்குள் போகச் சொன்ன மாதிரி பார்த்தார்.

“அது கல்லங்குறிச்சியாரு மரம்.”

“அவங்கதான் கத்திரிக்காயும் கீரையும் வித்துட்டு வெயில் ஏர்றதுக்குள்ள வூட்டுக்குப் போயிட்டாங்களே. சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே கெடக்கு?”

“சும்மா கெடந்தா? கூப்பிடாத எடத்துல போய் மாட்ட அவுக்கறதா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா ஊரு மானம் போயிடும். நாங்க சுத்துறோம். எங்களுக்கு என்ன, காலா வலிக்குது?”

“மாட்டுக்கு வலிக்குதுல்ல?”

அண்ணன் மாட்டைத் தட்டி ஓட்டினார், இன்னொரு சுற்றுக்கு.

எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்று, வண்டி அதிகமில்லை. அதே வண்டிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு, இடம் இல்லாமல் இல்லை. கூப்பிட ஆள் இல்லை. குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் சந்தை நாள்தோறும் குளத்து மூலையில் உட்கார்ந்து, ஒரு வண்டி போனால் ஒரு புளியங்கொட்டையைச் சட்டியில் போட்டு எண்ணுவான். அவன் பொய்யாக ஒரு கொட்டைகூடப் போடவில்லை. ஆனால் வளைந்த கொம்பு மாட்டுக்கு மட்டும் எத்தனை கொட்டை போட்டிருப்பான்!

ஆனால் இதை நான் சொன்னால் யார் கேட்பார்கள்? கூழ் ஊற்றுகிறவள். ஆபீசர் வருகிற அன்றைக்கு அவர் கண்ணாலேயே பார்க்கும்படி செய்ய வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். பருப்பைக் கடையும்போது வழி தெரிந்தது.

ஆபீசர் வந்த சந்தை நாள் காலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, ஒரு தாம்பாளத்தில் குங்குமமும் சந்தனமும் குழைத்து எடுத்துக்கொண்டு குளத்துப் பாதையில் போய் நின்றேன். முதல் வண்டி வந்ததும் கையைக் காட்டினேன்.

“அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பெருமாளுக்கு வேண்டுதல். சந்தைக்கு வர்ற மாட்டுக்கெல்லாம் பொட்டு வைக்கறேன்னு வேண்டியிருக்கேன்.”

தாலி கட்டிய கட்டுக்கழுத்தி கையால் மாட்டுக்குப் பொட்டு என்றால் எந்த வண்டிக்காரன் வேண்டாம் என்பான்? கயிற்றை இழுத்து நிறுத்தினார்கள். வலது பக்கத்து மாட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து அனுப்பினேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து துணி மூட்டையோடு ஒரு பாய் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“குங்குமம் வேணாம் தங்கச்சி. சந்தனம் வையி. சந்தனம்னா எங்க மாட்டுக்கும் ஆகும்.”

சந்தனம் வைத்தேன். ஒரு தடவை போன வண்டி மறுபடி வந்தபோது, முதல் பொட்டுக்குக் கீழே இன்னொரு பொட்டு. மறுபடி வந்தால் இன்னொன்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பொட்டு கூடினால் புண்ணியம் கூடும் என்று விட்டுவிட்டார்கள். கொட்டகை வாசலிலிருந்து என் மாமியார்தான் கத்தினார்.

“அடியே, சாமி பேரைச் சொல்லிப் பொய்யாடி?”

“பொய் இல்ல அத்தை. கொளம் நிக்கணும்னு நெசமாவே வேண்டிக்கிட்டேன். கேட்டுப் பாருங்க பெருமாள!”

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனுஷர், கண்ணாடி போட்டவர். குத்தகைக்காரர் அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆளை வைத்திருந்தார். இருவரும் கரையில் நின்று தூசியைப் பார்த்தார்கள். ஆபீசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உச்சி வேளைக்குக் குத்தகைக்காரர் ஆளைக் கூப்பிட்டுச் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டையை எண்ணச் சொன்னார்.

“நூத்தி நாப்பத்தி ரெண்டுங்க.”

“பாத்தீங்களா? அரை நாள்ல இவ்வளவு. எங்க நிக்கும் இதெல்லாம்? கொளத்த விட்டா எடம் ஏது?”

ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பேனா காகிதத்தில் பட்டால் குளம் முடிந்தது. தாம்பாளத்தோடு நேரே அவர் முன்னால் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து “ஏ புள்ள, ஏ புள்ள” என்பது காதில் விழுந்தது.

“ஐயா, வண்டிய எண்ணாதீங்க. மாட்டு நெத்திய எண்ணுங்க.”

“யாரும்மா நீ?”

“எதுத்தாப்ல கூழு விக்கறவங்க. இந்தக் கொளத்துத் தண்ணியிலதான் பொங்கித் திங்கறோம். காலையில இருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் பொட்டு வச்சிருக்கேன். ஒரு தடவ போனா ஒரு பொட்டு. கொஞ்சம் வந்து பாருங்க ஐயா.”

குத்தகைக்காரர் அதட்டினார். “ஏ கூழுக்கடைக்காரம்மா, அடுப்பப் போய்ப் பாரு போ!”

ஆபீசர் அவரைக் கையமர்த்திவிட்டுப் பாதைக்கு இறங்கினார். அந்த நேரம் பார்த்து வந்தது வளைந்த கொம்பு. வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆபீசர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மாட்டின் நெற்றியைப் பார்த்தார். மேலே ஒரு பொட்டு. கீழே ஒன்று. அதன் கீழே ஒன்று. கண்ணுக்கு நடுவே இறங்கி மூக்குவரைக்கும் வந்திருந்தது. விரலை நீட்டி எண்ணினார்.

“ஏழு.”

“ஆமாங்க ஐயா” என்றேன்.

“ஏம்ப்பா, நீ காலையிலிருந்து இங்கே ஏழு தடவை சுற்றினாயா?” என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

அண்ணன் முண்டாசை அவிழ்த்துக்கொண்டு நின்றார். “நான் எண்ணலைங்க. எடம் தேடிக்கிட்டிருந்தேன். மாட்டத்தான் கேக்கணும்.”

கூட்டம் சிரித்துவிட்டது. ஆபீசருக்கும் உதடு பிரிந்தது. வண்டிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார். நின்றபோது தூசி அடங்கியது. அவரே நடந்து நடந்து எண்ணினார். முப்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு வண்டி என்று சட்டி சொன்னது. குளத்தைச் சுற்றியதோ முப்பத்தொரு வண்டி. நாலு பொட்டு, ஐந்து பொட்டு, ஆறு பொட்டு. பாயுடைய மாட்டுக்கு நாலு சந்தனம்.

குத்தகைக்காரர் மீசையைத் தடவினார். ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் அல்ல. “முப்பத்தொண்ணாவே இருக்கட்டும். அதுக்கு நிக்க எடம் வேணாமா? பொட்டு வச்சுட்டா நெழல் வந்துடுமா?”

அது நியாயமான கேள்வி. ஆபீசர் என்னைப் பார்த்தார்.

“நெழல் இருக்குங்க ஐயா. கூப்பிடத்தான் ஆளில்ல. நான் கூப்பிட வைக்கறேன்.”

ஆபீசர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். “பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் திருவிழா. அதற்குப் போகிற வண்டியெல்லாம் இங்கே நின்று மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போகும், அன்றைக்கு வருகிற வண்டிக்கு இது எம்மாத்திரம்! அன்றைக்கும் இப்படிச் சுற்றினால் குளத்தைத் தூர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுற்றாவிட்டால் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

என் யோசனை இதுதான். குன்னம் எனக்குப் பிறந்த வழி. அங்கே இருந்து வருகிற எல்லாரும் எனக்கு அண்ணன், தம்பி. கல்லங்குறிச்சி என் வீட்டுக்காரருக்குத் தாய்வழி. அங்கே எல்லாரும் எனக்கு மாமா, கொழுந்தன். இரண்டு ஊருக்கும் நடுவே நான் ஒருத்தி இருக்கிறேன். தங்கச்சி கூப்பிட்டால் அண்ணன் வர வேண்டும். மருமகள் கேட்டால் மாமன் கொடுக்க வேண்டும். இதைவிட ஓர் ஆள் எங்கே கிடைக்கும்?

அடுத்த சந்தை நாள் விடியற்காலையில் கல்லங்குறிச்சி வண்டிகளில் மூத்தவரைக் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வெடவெடவென்று உயரமானவர், என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. குன்னத்து வண்டிகள் வரும்வரை அவரைப் போகவிடாமல் கூழுக்கு மேல் கூழ் ஊற்றினேன். வளைந்த கொம்பு அண்ணன் வந்ததும் அவரையும் எதிர்ப் பலகையில் உட்கார வைத்தேன். நடுவே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம்.

“என்னா மருமவளே, தட்டு மாத்துறாப்ல வச்சிருக்கே? பொண்ணு எங்க?” என்றார் மாமா.

“பொண்ணு அந்தா நிக்குது பாருங்க” என்று புளிய மரங்களைக் காட்டினேன். “ஒங்க வூட்டுப் பொண்ணு. எங்க அண்ணமாருங்களுக்கு நெழலக் குடுங்கன்னு கேக்கறேன். நீங்க எழுந்து போன பொறவு.”

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேறெங்கோ பார்த்தார். இருவருக்கும் ஊர் மானம்.

“நெழல் குடுக்கலாம்” என்றார் மாமா கடைசியில். “ஆனா சாணி?”

“சாணிக்கென்ன?” என்றார் அண்ணன்.

“எங்க மரத்தடியில விழற சாணி எங்களுது.”

“எங்க மாட்டுச் சாணி எங்களுது.”

“அப்ப ஒங்க மாட்ட ஒங்க ஊர்லயே நிறுத்திக்கங்க.”

போச்சு என்று நினைத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து என் மாமியார் கரண்டியோடு வெளியே வந்தார்.

“ஏண்டா தம்பி, பொண்ணக் குடுக்கற வூட்டுக்காரன் சீரு செய்யணும். நீ சீரு கேக்கறியா?”

“நெழல்தானேக்கா சீரு?”

“அப்ப மாப்ள வூட்டுக்காரன் பதிலுக்கு மொறை செய்ய வேணாமா? சாணியத்தான் செய்யட்டுமே! மாட்ட அவுக்கறவன் போறப்ப அள்ளி ஒரு மூலையில குமிச்சுட்டுப் போவட்டும். கொளத்துல போயி விழறதுக்கு ஒன் வயல்ல விழட்டும்.”

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமாவும் சிரித்தார். இருவரும் வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் அன்றைக்கே வண்டியை நேரே புளிய மரத்தடிக்கு ஓட்டினார். வளைந்த கொம்பு மாடு நிழலில் படுத்து அசை போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

இந்தச் செய்தி சந்தையில் பரவியது. ‘மரச் சம்பந்தம்’ என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஊராக வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். காலையில் காய்கறி வண்டி நின்ற இடத்தில் மத்தியானம் பருத்தி வண்டி நிற்கும். பாய் வந்து “எங்களுக்கு ஒரு கெளைகூட இல்லையா தங்கச்சி?” என்று கேட்டார். கல்லங்குறிச்சி மாமாவே எழுந்து போய் அவருக்கு வேப்ப மரத்தடியைக் காட்டினார். மாசி கடைசிச் சந்தையில் குளத்துப் பாதையில் ஆறே வண்டி சுற்றியது. ஆறு வண்டியையும் நான் நிறுத்தி, எந்த மரம் காலி என்று சொல்லி அனுப்பினேன்.

பங்குனித் திருவிழா வந்தது. பெரம்பலூர் ரோட்டில் விடியற்காலையிலிருந்து வண்டி. கூண்டு வண்டி, மொட்டை வண்டி, பெருமாளுக்கு நேர்ந்த தானிய மூட்டை, பிள்ளைகள், பாத்திரம். குளத்தில் அப்போது தண்ணீர் நாலு படிதான் மிச்சம். நான் அடுப்பில் கை வைத்துக்கொண்டு காதை வெளியே வைத்திருந்தேன். கல்லங்குறிச்சியார் அத்தனை பேரும் திருவிழாவுக்கு அவர்கள் ஊரிலேயே இருந்ததால் இங்கே அவர்கள் மரமெல்லாம் விடிந்ததிலிருந்தே காலி. சந்தைக்குத் தெற்கே மரம் வைத்திருந்த ஊர்க்காரர்களும் தங்கள் மரத்தடியில் நிற்கலாம் என்று முந்தின நாளே சொல்லி விட்டிருந்தார்கள். வருகிற வண்டி ஒவ்வொன்றும் ரோட்டு முனையிலேயே திரும்பி அதது மரத்துக்குப் போனது.

ஆபீசர் வந்து கரையில் நின்றார். நின்றார், நின்றார். பாதையில் ஒரு வண்டியும் வரவில்லை. ஒரு கோழி மட்டும் குறுக்கே போனது. கடைசியில் எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

“என்னம்மா, இன்றைக்கு வண்டியே வரவில்லையா?”

“எல்லாம் வந்தாச்சுங்க ஐயா. நின்னாச்சு.”

அவர் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மரத்துக்கு மரம் வரிசையாக வண்டிகள், நுகத்தடி தரையில், மாடுகள் படுத்திருந்தன, பெண்கள் நிழலில் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மூலையில் சாணி குவிந்திருந்தது. திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குளத்துப் படியில் இறங்கினார், தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அங்கேயே எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார்: குளம் குளமாகவே இருக்கும், கரையில் வண்டி ஓட்டக் கூடாது.

என் மாமியார் அன்றைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னது இது: “என் மருமவ வாயி பொல்லாதது. ஆனா மூளை என் வூட்டு மூளை.”

சித்திரையில் தண்ணீர் வற்றி அடி மண் தெரிந்தது. குன்னத்து அண்ணன்மார்கள் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு ஊருக்குத் திரும்புவதற்குப் பதிலாக, குளத்து வண்டலை வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். பருத்திக் காட்டுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு சுற்று. அவர்களுக்கு உரம் ஆனது, எங்களுக்கு ஓர் ஆள் உயரம் ஆழம் ஆனது. தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாய்க்காலை மறுபடி வெட்டினோம். இந்தத் தடவை கல் வைத்துக் கட்டினோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறி, கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடி மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வந்துவிட்டார்கள். குத்தகைக்காரர் வீட்டு அம்மாவும் ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மற்றவர்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்து நின்றார்.

“எடுத்துக்கவா?” என்று கேட்டார்.

குளம் என்னுடையதா என்ன? ஆனாலும் என்னைத்தான் கேட்டார்.

“எடுத்துக்கங்க” என்றேன்.